அழுதுகிட்டே ஆடலாமா?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேசும்போது வந்த திக்கல்களையும், ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்ன இடங்களையும் மட்டும் எடுத்திருக்கிறோம்.)



ரெண்டு வாரத்துக்கு முன்னாடி ஒரு வாய்ஸ் நோட் வந்தது. அனுப்பினவர் பெயரைச் சொல்ல வேண்டாம்னு கேட்டிருக்கார், சொல்லலை. விஷயம் இதுதான். நாலு வருஷக் காதல், முடிஞ்சு இருபது நாள் ஆகுது. காலையில் ஜிம்முக்குப் போயிருக்கார். ட்ரெட்மில்லில் ஓடிக்கிட்டிருக்கும்போது ஒரு பாட்டு வருது. காதல் முறிஞ்சதைப் பத்தின பாட்டுதான், ஆனா செம பீட்டு. தன்னை மறந்து தலையை ஆட்டி, கையை ஆட்டி, கிட்டத்தட்ட ஆடியே விட்டார். பக்கத்து மெஷினில் இருந்த நண்பன் இயர்போனைக் கழற்றிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டானாம்: "அப்போ நீ நிஜமா லவ் பண்ணலையாடா?"

அவன் விளையாட்டாகத்தான் கேட்டிருப்பான். ஆனா அந்தக் கேள்வி இவரை அன்னைக்கு முழுக்க விடலை. வாய்ஸ் நோட் வந்த நேரம் ராத்திரி ரெண்டேகால். பின்னணியில் ஃபேன் சுத்துற சத்தம் கேட்குது. கடைசியில் அவர் கேட்கிறார்: "ஆடினா வலி இல்லைன்னு அர்த்தமா?"

நான் கவுன்சலர் இல்லை. எனக்குத் தெரிஞ்சது பாட்டு. அதனால இந்தக் கேள்விக்கு ஒரு பாட்டை வெச்சே பதில் தேடலாம்னு நினைக்கிறேன். ஸ்வீடன் நாட்டுப் பாடகி ராபின் 2010-ல் வெளியிட்ட 'டான்சிங் ஆன் மை ஓன்'.

முதல்ல ஒரு உண்மையை ஒத்துக்கணும். இந்தப் பாட்டை நான் ரொம்ப நாள் தப்பாகத்தான் தெரிஞ்சு வெச்சிருந்தேன்.

2017-ல் தரமணியில் ஒரு லேடீஸ் பி.ஜி.யில் இருந்தேன். ஒரு ரூமில் மூணு கட்டில். அந்த வருஷம்தான் எனக்கும் ஒரு பிரிவு நடந்தது. அழணும்னா பாத்ரூமுக்குப் போகணும், அங்கேயும் அஞ்சு நிமிஷத்துக்கு மேல இருந்தா யாராவது கதவைத் தட்டுவாங்க. அதனால போர்வையை முகம் வரைக்கும் இழுத்துக்கிட்டு, ஹெட்போனில் ஒரு பியானோ பாட்டைக் கேட்பேன். ஒரு ஆண் குரல். மெதுவா, உடைஞ்சு உடைஞ்சு வரும். அதுதான் 'டான்சிங் ஆன் மை ஓன்'. பாடினவர் கேலம் ஸ்காட்.

சில மாசம் கழிச்சு ஒரு தோழியோட வண்டியில் போறப்போ அதே வரிகள் திமுதிமுன்னு ஒரு எலெக்ட்ரானிக் பீட்டோட ஸ்பீக்கரில் வந்தது. எனக்கு வந்த கோபம் இருக்கே! "என் சோகப் பாட்டை எவன் ரீமிக்ஸ் பண்ணினான்?"னு கத்தினேன். அவ சிரிச்சுட்டு, "லூசு, இதுதான்டி ஒரிஜினல்"ன்னா.

நான் நம்பலை. போனை எடுத்துத் தேடிப் பார்த்தேன். ஆமாம், இதுதான் ஒரிஜினல். 2010. நான் அழுத வெர்ஷன் ஆறு வருஷம் கழிச்சு வந்த கவர்.

இப்படி ஒரு குழப்பம் எனக்கு மட்டும் வந்ததில்லைன்னு நினைக்கிறேன். மெதுவா இருந்தா உண்மையான சோகம், வேகமா இருந்தா அதைக் கலைச்சுப் போட்ட வெர்ஷன்னு மனசுக்குள்ள ஒரு கணக்கு இருக்கு. ஜிம் நண்பன் கேட்ட கேள்வியும் அதே கணக்கிலிருந்துதான் வருது.

சரி, பாட்டுக்குள்ள என்ன நடக்குதுன்னு பார்ப்போம். வரிகளை நான் அப்படியே சொல்லப் போறதில்லை, கதையை மட்டும் சொல்றேன். ஒரு பெண். முன்னாள் காதலனுக்குப் புதுசா ஒருத்தி கிடைச்சிருக்கான்னு அவளுக்குத் தகவல் வருது. நேரில் பார்க்கணும்னு கிளம்பி அவங்க இருக்கிற டான்ஸ் கிளப்புக்கே போயிடறா. ஒரு மூலையில் நின்னு பார்க்கிறா. அவன் புதுக் காதலியை முத்தமிடுகிறான். இவ இருக்கிறதே அவனுக்குத் தெரியலை. இவ ஆடறா, தனியா. பாட்டு முடியப்போற நேரத்தில் கிளப்பில் விளக்கு போடறாங்க. விடை சொல்லத்தான் வந்தேன்னு சொல்றா. அவன் காதில் அது விழுந்த மாதிரி தெரியலை.

அவ்வளவுதான் கதை. பழிவாங்கல் கிடையாது. "உன்னைவிட நல்லவனைக் கண்டுபிடிப்பேன்" கிடையாது. அவனைத் திட்டவும் இல்லை, அந்தப் புதுப் பெண்ணைத் திட்டவும் இல்லை. இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்லணும், ஏன்னா நமக்குப் பழக்கமான பிரேக்கப் பாட்டு வேற மாதிரி. 2011-ல் 'கொலவெறி' வந்தப்போ ஊரே 'சூப் சாங்'னு சொல்லிச் சிரிச்சது. நானும்தான் சிரிச்சேன், ஸ்கூல் பஸ்ஸில் பாடியிருக்கேன். இன்னைக்கும் அனிருத்தோட அந்த மெட்டு காதில் விழுந்தா கால் தன்னால தாளம் போடும். ஆனா அதுக்கு அப்புறம் வரிசையா வந்த சூப் பாட்டுகளில் ஒரு ஃபார்முலா உட்கார்ந்துடுச்சு. பையன் அப்பாவி, பொண்ணு ஏமாத்துக்காரி, நண்பர்கள் சுத்தி நின்னு "ஆமா மச்சி"ன்னு கோரஸ் பாடுவாங்க. ஆட்டத்துக்கான சக்தி அங்கே கோபத்திலிருந்து வருது. ராபின் பாட்டில் அந்தக் கோபம் இல்லை. அப்போ அவளை ஆட வைக்கிறது எது?

அதுக்கு முன்னாடி ஒரு பழைய பாட்டுக்குப் போயிட்டு வரணும். துள்ளலான பிரேக்கப் பாட்டுன்னு சொன்னாலே அது வந்து நிக்கும். குளோரியா கேனர் பாடிய 'ஐ வில் சர்வைவ்', 1978.

இந்தப் பாட்டோட பின்கதை ரொம்பப் பிடிக்கும் எனக்கு, கொஞ்ச நேரம் இங்கே நிப்போம். எழுதியவங்க ரெண்டு பேர், ஃபிரெட்டி பெரன், டினோ ஃபெகாரிஸ். ஃபெகாரிஸ் அதுக்குக் கொஞ்ச காலம் முன்னாடி வரைக்கும் மோடவுன் நிறுவனத்தில் சம்பளத்துக்குப் பாட்டு எழுதிக்கிட்டிருந்தவர். அங்கே வேலை போயிடுச்சு. நான் தாக்குப்பிடிச்சுடுவேன்னு தனக்குத் தானே சொல்லிக்கிட்டதுதான் இந்தப் பாட்டோட விதைன்னு அவர் சொல்லியிருக்கார். அதாவது உலகத்தோட மிகப் பெரிய பிரேக்கப் பாட்டு, வேலை போனவர் மனசிலிருந்து வந்தது! ஐ.டி. பக்கம் இருக்கிறவங்களுக்கு இது புரியும்.

பாடின கேனரோட நிலைமை அதைவிட மோசம். மேடையில் நிகழ்ச்சி பண்ணும்போது விழுந்து, முதுகெலும்பில் ஆபரேஷன். முதுகுக்கு பிரேஸ் மாட்டிக்கிட்டுதான் ரெக்கார்டிங்கில் நின்னு பாடினாங்க. கம்பெனிக்கு இந்தப் பாட்டு மேல பெரிய நம்பிக்கை இல்லை. 'சப்ஸ்டிட்யூட்'னு வேற ஒரு பாட்டை முன்பக்கத்தில் போட்டு, இதைத் தட்டோட பின்பக்கத்தில் தள்ளிட்டாங்க. அப்போ சிங்கிள்னா சின்ன இசைத்தட்டு, ரெண்டு பக்கமும் ஒவ்வொரு பாட்டு. முன்பக்கம்தான் ரேடியோவுக்கு, பின்பக்கம் சும்மா இடத்தை நிரப்ப. நியூயார்க்கின் ஸ்டுடியோ 54 மாதிரி கிளப்புகளில் இருந்த டி.ஜே.க்கள்தான் தட்டைத் திருப்பிப் போட்டாங்க. ஆட வந்த கூட்டம் பிடிச்சுக்கிச்சு. 1979 மார்ச்சில் அமெரிக்காவில் முதலிடம்.

இசையில் ஒரு விஷயம் கவனிங்க. ஆரம்பத்தில் பீட் கிடையாது. பியானோ ஒரு தடவை உருண்டு வரும், குரல் தனியா வரும், தாளம் கட்டாம, பேசற மாதிரி. அவ பயந்து போய், உறைஞ்சு போய் இருந்த நாட்களைச் சொல்ற இடம் அது. அந்தக் கதை திரும்புற இடத்தில்தான் டிரம்ஸ் உள்ளே வருது. அதுக்கப்புறம் அந்தப் பாட்டில் பல்லவிக்கு ஒண்ணு, சரணத்துக்கு ஒண்ணுன்னு தனித்தனி கார்டு வரிசை கிடையாது. ஒரே எட்டு பார், அதே கார்டுகள், சக்கரம் மாதிரி சுத்திச் சுத்தி வந்துக்கிட்டே இருக்கும். ஒரு சுத்து முடியற இடம் அடுத்த சுத்தோட வாசல். அதனாலதான் அந்தப் பாட்டை நடுவில் நிறுத்தினா ஒரு தவிப்பு வரும். நிறுத்தறதுக்குன்னு ஒரு இடமே அதில் இல்லை.

கதையைப் பாருங்க. போனவன் திரும்பி வந்து வீட்டுக்குள்ள நிக்கிறான். அவ கதவைக் காட்டி வெளியே போன்னு சொல்றா. வார்த்தை ஜெயிக்குது, பீட்டும் ஜெயிக்குது. ரெண்டும் ஒரே பக்கம் நிக்குது. 1980 கிராமியில் சிறந்த டிஸ்கோ பாட்டுன்னு ஒரு விருது இதுக்குக் கொடுத்தாங்க. அந்தப் பிரிவு அந்த ஒரே வருஷம்தான் இருந்தது. 1979 ஜூலையிலேயே சிகாகோவில் ஒரு பேஸ்பால் மைதானத்தில் டிஸ்கோ தட்டுகளைக் குவிச்சு வெடி வெச்சுத் தகர்த்திருந்தாங்க. கருப்பினத்தவர்களும், லத்தீன் மக்களும், தன்பாலின ஈர்ப்பாளர்களும் தங்களுக்குன்னு கண்டுபிடிச்ச இசை மேல இருந்த வெறுப்பு அதில் இருந்ததுன்னு இன்னைக்குப் பலர் எழுதறாங்க. பாட்டு மட்டும் தலைப்பில் சொன்னதைச் செஞ்சிடுச்சு.

இப்போ ராபினுக்குத் திரும்புவோம். டிஸ்கோவைச் சும்மா இழுக்கலை. அந்தக் காலத்து கே கிளப்புகளில் ஓடின டிஸ்கோ பாட்டுகளுக்குள்ள ஒரு ஆழமான சோகம் இருக்கும், அதுதான் இந்தப் பாட்டுக்குத் தூண்டுதல்னு ராபினே சொல்லியிருக்காங்க. ஆனா ராபின் ஒண்ணை மட்டும் மாத்திட்டாங்க. வெற்றியை எடுத்துட்டாங்க. கேனரோட பெண் கதவைக் காட்டறா. ராபினோட பெண் அடுத்தவங்க இருக்கிற இடத்துக்கு இவளே போய் மூலையில் நிக்கிறா. வார்த்தை தோத்துப்போன ஒருத்தியோடது. பீட் மட்டும் தோற்க மாட்டேங்குது.

ராபினைப் பத்தி ரெண்டு வரி. 1979-ல் ஸ்டாக்ஹோமில் பிறந்தவங்க. பதின்பருவத்திலேயே பாப் ஸ்டார். 1997-ல் 'ஷோ மீ லவ்' அமெரிக்காவில் டாப் டென். பெரிய கம்பெனிகள் சொல்றபடி பாடற வாழ்க்கை ஒத்துவரலை. வெளியே வந்து 2005-ல் கொனிச்சிவா ரெக்கார்ட்ஸ்னு சொந்த லேபிள் ஆரம்பிச்சாங்க. 'டான்சிங் ஆன் மை ஓன்' பாட்டை பேட்ரிக் பெர்கரோட சேர்ந்து உருவாக்கினாங்க. 'தன்னந்தனியா ஆடறேன்'னு பாடினவங்க அப்போ தொழிலிலும் அப்படித்தான் ஆடிக்கிட்டிருந்தாங்கன்னு சொல்லத் தோணுது, ஆனா அது கொஞ்சம் சினிமாத்தனமா இருக்கும், விட்டுடறேன்.

பாட்டைக் கேட்க ஆரம்பிங்க. முதல் விநாடியிலேயே ஒரு சின்த் பேஸ். கரகரன்னு, மோட்டார் ஓடற மாதிரி, விட்டு விட்டுத் துடிக்கும். கேனர் பாட்டில் பீட் வர்றதுக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது, கதை திரும்பணும். இங்கே அந்தத் துடிப்பு கதைக்கு முன்னாடியே ஓடிக்கிட்டிருக்கு. அவ உள்ளே வர்றதுக்கு முன்னாடியே கிளப் ஓடிக்கிட்டுதானே இருக்கும்? அவ மனசு உடையறதுக்காக அது நிக்காது. நிமிஷத்துக்கு ஏறத்தாழ 117 தட்டு. கொஞ்சம் வேகமா நடந்தா நம்ம கால் போற வேகம் அது. ஹெட்போனில் கேட்டுக்கிட்டே நடந்து பாருங்க, நம்மை அறியாமலே காலடி பீட்டோட சேர்ந்துடும்.

குரலைக் கவனிங்க. ராபின் அழறதில்லை. பெரிய ஆலாபனை, உடையற குரல், மூச்சு வாங்கறது, எதுவும் கிடையாது. நேரா, தெளிவா, கிட்டத்தட்டச் செய்தி சொல்ற மாதிரி பாடறாங்க. கடைசி பல்லவிக்கு முன்னாடி ஒரு இடத்தில் டிரம்ஸ் படபடன்னு பொரிஞ்சு தள்ளும், குரலே இல்லை. அழுகை வர வேண்டிய இடம் அதுதான்னு எனக்குத் தோணும். அவ வாய் அழலை, அவளுக்குப் பதிலா டிரம் மெஷின் அழுது முடிச்சிடுது. அப்புறம் அவ திரும்பவும் ஆடப் போறா.

இங்கேதான் எனக்கு ஒரு கேள்வி ரொம்ப நாள் இருந்தது. அவ ஏன் அங்கே போனா? தகவல் தெரிஞ்சாச்சு. வீட்டில் இருந்திருக்கலாம்ல?

2019-ல் எனக்குப் பதில் கிடைச்சது. கோயம்புத்தூரில் காலேஜ் தோழி ஒருத்தியோட ரிசப்ஷன். நான் சொன்ன அந்த 'அவன்' வருவான்னு தெரியும், எல்லாருக்கும் பொதுவான நட்பு வட்டம். நிச்சயமான பெண்ணோட வருவான்னும் தெரியும். "நீ வராட்டியும் அவ தப்பா எடுத்துக்க மாட்டாடி"ன்னு நாலு பேர் சொன்னாங்க. போனேன். ஏன்னு அப்போ கேட்டிருந்தா தோழிக்காகன்னு சொல்லியிருப்பேன். பொய். என் தலைக்குள்ள ஒரு ஆயிரம் தடவை ஓடின காட்சியை ஒரு தடவை நேரில் பார்த்துட்டா அது ஓடறது நிக்கும்னு நினைச்சேன்.

பார்த்தேன். மேடையில் வரிசையில் நின்னாங்க, போட்டோ எடுத்துக்கிட்டாங்க. அவ போட்டிருந்த பச்சைக் கலர் பட்டு நல்லா இருந்தது, அதுதான் எரிச்சல். சாப்பாட்டுக்கு அப்புறம் டி.ஜே. ஆரம்பிச்சார். கிளம்பிடலாமான்னு ஒருத்தி கையைப் பிடிச்சு இழுத்தா. நான் செருப்பைக் கழற்றி ஒரு நாற்காலிக்கு அடியில் தள்ளிட்டு ஆடப் போனேன். முக்கால் மணி நேரம் ஆடியிருப்பேன். என்ன பாட்டுன்னு நினைவில்லை, எல்லாமே குத்துதான். யாருக்காகவும் இல்லை. முதல் ரெண்டு பாட்டுக்கு அவன் பார்க்கிறானான்னு ஒரு ஓரக்கண் இருந்தது, ஒத்துக்கறேன். மூணாவது பாட்டில் அந்தக் கண்ணுக்கும் மூச்சு வாங்கிடுச்சு. வலி போச்சான்னா, இல்லை. ரூமுக்கு வந்து அழுதேன். ஆனா அந்த முக்கால் மணி நேரம் வலி என் தலையிலிருந்து இறங்கி, கால்லயும் இடுப்புலயும் இருந்தது. தலையில் இருக்கிறதைவிட அங்கே தாங்கிக்க முடிஞ்சது.

அந்த ராத்திரிக்கு அப்புறம்தான் வேகமான வெர்ஷன் எனக்குப் புரிஞ்சது.

இப்போ நான் அழுத அந்த மெதுவான வெர்ஷனுக்கும் நியாயம் சொல்லணும். கேலம் ஸ்காட் 2015-ல் 'பிரிட்டன்ஸ் காட் டேலன்ட்' மேடையில் ஆடிஷனுக்குப் பாடினார். சைமன் கோவெல் கோல்டன் பஸ்ஸரை அழுத்தினார். அடுத்த வருஷம் சிங்கிளா வந்து பிரிட்டனில் 2-ம் இடம் வரைக்கும் போச்சு. அங்கே ராபினோட ஒரிஜினல் 8-ம் இடத்தோட நின்னது. அதாவது விற்பனையில் கவர் ஒரிஜினலைத் தாண்டிடுச்சு. ஸ்காட் தன்பாலின ஈர்ப்பாளர். நீ வீட்டுக்குக் கூட்டிப் போற பெண் நானில்லைன்னு ராபின் பாடற இடத்தில், ஆண் நானில்லைன்னு ஒரே ஒரு வார்த்தையை மாத்திக்கிட்டார். காதலன் முத்தமிடறது அதே மாதிரி ஒரு பெண்ணைத்தான். அந்த ஒரு மாற்றத்தில் கதையே வேறாயிடுது. தன்னை ஒருநாளும் அப்படிப் பார்க்கவே போகாத ஒருத்தனைப் பார்த்துக்கிட்டு நிக்கிற ஆளோட பாட்டா அது ஆயிடுது. நல்ல கவர், சந்தேகமே இல்லை.

ஆனா ஒண்ணு காணாமப் போகுது. பீட்டை எடுத்துட்டா கிளப்பும் போயிடுது. கூட்டம் இல்லை, வியர்வை இல்லை, கண்ணைக் கூசற விளக்கு இல்லை. ஒரு ஆளும் பியானோவும் மட்டும். அவர் ஆடறேன்னு பாடறார், ஆனா அந்த இசைக்கு யாரும் ஆட முடியாது. ராபின் பாட்டில் 'தனியா'ங்கிற சொல்லுக்கு எடை வர்றதே சுத்தி இருநூறு பேர் ஆடறதால. தனி ரூமில் தனியா இருக்கிறது வேற. எனக்குத் தரமணியில் முதல்ல தேவைப்பட்டது மெதுவானதுதான், அதில் தப்பில்லை. போர்வைக்கு ஒரு பாட்டு, வெளியே வர ஒரு பாட்டு.

இதைக் கேட்டு யாராவது "இதெல்லாம் மேல்நாட்டு கிளப் சமாச்சாரம்"னு சொல்லலாம். வடசென்னையில் மரண கானா பாடற வீட்டில் ஒரு ராத்திரி இருந்துட்டு அப்புறம் பேசுங்கன்னுதான் சொல்வேன். சாவு வீட்டில் மேளம் அடிக்குது, ஆடிக்கிட்டே போறாங்க. செத்தவர் மேல பாசம் இல்லைன்னு யாராவது சொல்வாங்களா? ஆடறவர் முகத்தைப் பார்த்தா தெரிஞ்சிடும்.

இன்னொரு பக்கமும் இருக்கு. 2003-ல் அவுட்காஸ்ட் 'ஹே யா!' வந்தது. உலகம் முழுக்கக் கல்யாணம், பார்ட்டின்னு எல்லா இடத்திலும் போட்டு ஆடினாங்க. உண்மையில் அது ஒரு உறவு உள்ளுக்குள்ள செத்துக்கிட்டிருக்கிறதைப் பத்தின பாட்டு. பாட்டுக்கு நடுவிலேயே ஆந்த்ரே 3000, உங்களுக்கு நான் சொல்றது தேவையில்லை, ஆடத்தான் வேணும்ங்கிற மாதிரி ஒரு குத்தல் வெக்கிறார். யாரும் கண்டுக்கலை, ஆடிட்டாங்க. துள்ளல் சில சமயம் சோகத்தை முழுசா முழுங்கிடும், அந்த ஆபத்து இருக்கத்தான் செய்யுது. ராபின் பாட்டில் அப்படி ஆகாததுக்கு எனக்குத் தெரிஞ்ச காரணம் ஒண்ணுதான். அந்தக் கதை நடக்கிற இடமே ஆட்டக் களம். எவ்வளவு ஆடினாலும் கதைக்கு வெளியே போக முடியாது, கதைக்குள்ளதான் போகணும்.

அப்புறம் இந்தப் பாட்டுக்கு நடந்தது விசித்திரம். தனியா ஆடறதைப் பத்தின பாட்டு, கூட்டமா பாடற பாட்டா மாறிடுச்சு. 2012-ல் 'கேர்ள்ஸ்' தொடரோட மூணாவது எபிசோடில் ஹன்னா ரூமில் இதைப் போட்டுத் தனியா ஆடுவா. அறைத்தோழி மார்னி வந்து பார்ப்பா, அவளும் சேர்ந்துப்பா. ரெண்டு பேரும் கேவலமாத்தான் ஆடுவாங்க, அதுதான் அழகு. 2019 மார்ச் 8, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ராபின் கச்சேரி முடிஞ்சது. அதுக்குக் கீழேயே பென் ஸ்டேஷன் சுரங்க ரயில் நிலையம். பிளாட்ஃபாரத்தில் ரயிலுக்காக நின்ன கூட்டம் இந்தப் பாட்டை எடுத்துப் பாட ஆரம்பிச்சது, மொத்த பிளாட்ஃபாரமும் ஆடுச்சு. வீடியோ இருக்கு, பாருங்க. நம்ம ஊர் சென்ட்ரல் மெட்ரோவில் அதை நடத்தினா செக்யூரிட்டி அண்ணன் விசில் ஊதியிருப்பார்.

இன்னும் ஒண்ணு. 2022-ல் பிலடெல்பியா ஃபில்லீஸ்ங்கிற பேஸ்பால் அணி, ஜெயிக்கும்போதெல்லாம் டிரெஸ்ஸிங் ரூமில் இதைப் போட்டுக் கத்தினாங்க. எந்த வெர்ஷன் தெரியுமா? கேலம் ஸ்காட்டோட மெதுவான பாட்டை டியேஸ்டோ திரும்பவும் வேகமாக்கின ரீமிக்ஸ். ராபின் வேகமாப் பாடினாங்க, ஸ்காட் அதை மெதுவாக்கினார், டி.ஜே. திரும்ப வேகமாக்கினார். 2017-ல் வண்டியில் நான் கத்தினேனே, "எவன் ரீமிக்ஸ் பண்ணினான்"னு? அந்தக் கேள்விக்கு நிஜமாவே ஒரு ஆள் இருந்திருக்கார். ஃபில்லீஸ் இறுதிச் சுற்றில் தோத்துட்டாங்க, அது வேற விஷயம்.

வாய்ஸ் நோட் அனுப்பின நண்பருக்கு. உங்க ஃபிரெண்ட் நல்லவராத்தான் இருப்பார். அவர்கிட்ட சண்டைக்குப் போகாதீங்க. நம்மகிட்ட எல்லாரும் ரெண்டு விஷயம்தான் எதிர்பார்க்கிறாங்க. ஒண்ணு, தேவதாஸ் மாதிரி தாடி வளர்த்து உட்காரணும். இல்லைன்னா "மூவ் ஆன் ஆயிட்டேன்"னு ஸ்டேட்டஸ் போடணும். ராபினோட பெண் ரெண்டையும் செய்யலை. அவளுக்கு அவன் மேல இன்னும் காதல் இருக்கு. அவ மூவ் ஆன் ஆகலை. ஆடறா, அவ்வளவுதான். இருபதாம் நாள் ட்ரெட்மில்லில் உங்க கை தானா ஆடியிருக்கு. அது நாலு வருஷத்தைப் பொய்யாக்கிடாது. அந்த நாலு வருஷமும் உங்க உடம்பிலயும்தானே இருந்தது?

ராத்திரி ரெண்டேகாலுக்கு வேகமான வெர்ஷன் வேண்டாம், தூக்கம் போயிடும். காலையில், ஜிம்மில், 2010 ஒரிஜினல், நல்ல ஹெட்போனில், ஒரு தடவை முழுசா. அந்த டிரம்ஸ் பொரியற இடத்தில் ட்ரெட்மில் கைப்பிடியை மட்டும் பிடிச்சுக்கோங்க. எப்படி இருந்ததுன்னு இன்னொரு வாய்ஸ் நோட் அனுப்புங்க, ஃபேனை நிறுத்திட்டு.

அடுத்த வாரம் தூக்கம் வராத ராத்திரிகளுக்கான பாட்டுகள். உங்க லிஸ்டை வியாழக்கிழமைக்குள்ள அனுப்பிடுங்க, எடிட் பண்ண எனக்கு ஒரு நாளாவது வேணும்.